பாலி: ஆரவாரம் முதலில், அமைதி பிறகு

இந்தோனேசியாவின் பாலித் தீவுக்கு நண்பர்கள் இருவர் கிளம்புவதென்றால் விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே ஒரு வாக்குவாதம் வந்துவிடுகிறது. ஒருவருக்குக் கடற்கரை வேண்டும், இசை வேண்டும், இரவு முழுக்க விழித்திருக்கும் தெருக்கள் வேண்டும். மற்றவருக்கு வயல்வெளி, மலைக்காற்று, யாரும் தட்டி எழுப்பாத தூக்கம். சுற்றுலா நிறுவனங்களும் இதற்குத் தோதாகத் தீவை இரண்டாக வெட்டி விற்கின்றன: தெற்கே கூட்டா, செமின்யாக், சாங்கு என்றால் கேளிக்கை; நடுவே உபுத் என்றால் அமைதி. போய் வந்தவர்கள் பலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, இரண்டில் ஒன்றுதான் நிஜமான பாலி, மற்றது வெறும் கடைத்தெரு என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பிரிவினையை நான் ஏற்கவில்லை. பாலியின் பரப்பு ஏறக்குறைய 5,800 சதுர கிலோமீட்டர். நம் திருவண்ணாமலை மாவட்டத்தைவிடச் சிறியது. அத்தனை சிறிய நிலத்தில் ஆரவாரமும் அமைதியும் ஒன்றையொன்று விலக்கி வாழவில்லை. அவை வரிசையில் வருகின்றன: முதலில் ஆரவாரம், அதன்பின் அமைதி. பயணிகளுக்காக வந்த வரிசை அல்ல இது. தீவின் சடங்கிலும் வேளாண்மையிலும் ஊறியது. இரண்டு ரசனை கொண்ட இரண்டு நண்பர்கள் அந்த வரிசையைப் பின்பற்றினால், வாக்குவாதத்தில் யாரும் தோற்க வேண்டியதில்லை.

இதற்கு முதலில் வரும் மறுப்பு: இரவுக் கேளிக்கை ஆஸ்திரேலியர்களும் ஐரோப்பியர்களும் கொண்டுவந்து இறக்கியது, தீவின் இயல்பில் அதற்கு இடமில்லை. ஒலிபெருக்கியும் வண்ண விளக்கும் வெளியிலிருந்து வந்தவை என்பது சரிதான். ஆனால் இரவில் ஊர் கூடுவதும், உரத்த இசையும், கண் விழிப்பும் பாலிக்காரர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிராதவை. அங்கே ஒவ்வொரு கோயிலுக்கும் ஒடாலான் என்ற திருவிழா உண்டு. பெரும்பாலான கோயில்களில் அது 210 நாள் கொண்ட பவுகோன் நாட்காட்டிப்படி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு பழைய கிராமத்துக்கும் மூன்று முக்கியக் கோயில்கள் இருப்பது மரபு. ஆகவே தீவில் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு விழா இல்லாத நாளைக் காண்பது அரிது. பகலில் பெண்கள் பழங்களும் அரிசிப் பலகாரங்களும் கோபுரமாக அடுக்கிய படையல்களைத் தலையில் சுமந்து போகிறார்கள். இருட்டியதும் கமெலான் தொடங்குகிறது. வெண்கலத் தகடுகளும் கோங்குகளும் மத்தளமும் சேர்ந்த அந்த இசை மென்மையானது என்று எண்ணிப் போகிறவர்கள் திகைத்துவிடுவார்கள். 1915 வாக்கில் தீவின் வடபகுதியில் பிறந்த கோங் கெப்யார் என்ற பாணி திடீரென்று வெடித்துக் கிளம்பும் வேகத்துக்கும் ஓசைக்குமே பெயர் பெற்றது. வாயாங் குலித் என்னும் தோற்பாவைக் கூத்து நள்ளிரவைத் தாண்டியும் நடக்கும். சூனியக்காரி ரங்டா வரும் சலோனாராங் நாடகத்தை மயானத்தை ஒட்டிய கோயிலருகே, இருள் கனத்த பிறகு ஆடுவார்கள். விடிய விடியத் தெருக்கூத்து பார்த்த ஊர்க்காரருக்கு இந்த இரவுகள் அந்நியமாகத் தோன்றாது. கூட்டாவின் மதுக்கூடமும் கோயில் முற்றத்துக் கமெலானும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. இரவு என்பது வீட்டுக்குள் அடங்க வேண்டிய நேரம் என்ற எண்ணத்தைத் தீவின் மேல் ஏற்றிப் பார்க்கக் கூடாது என்கிறேன்.

கூட்டா போலி, உபுத் நிஜம் என்ற கட்சி வரலாற்றின் முன் நிற்பதில்லை. 1936இல் ராபர்ட் கோக், லூயிஸ் கோக் என்ற அமெரிக்கர்கள் கூட்டாக் கடற்கரையில் ஓலை வேய்ந்த குடில்களுடன் ஒரு விடுதியைத் தொடங்கினார்கள். அதே 1936இல்தான் உபுத்தில் பிட்டா மஹா என்ற ஓவியர் சங்கம் உருவானது. அதை அமைத்தவர்கள் உபுத் அரச குடும்பத்தைச் சேர்ந்த சொகோர்டா கெடே அகுங் சுகாவதி, ஜெர்மன் ஓவியர் வால்டர் ஸ்பீஸ், டச்சு ஓவியர் ருடால்ஃப் பொனே, பாலியின் மாபெரும் கலைஞர் இ குஸ்தி ந்யோமான் லெம்பாட் ஆகியோர். உபுத்தைக் கலைகளின் ஊராக உலகம் அறிந்துகொண்டது இந்தக் கூட்டு முயற்சியால். இன்று பயணிகள் "பாரம்பரிய நடனம்" என்று பார்க்கும் கெச்சாக் கூட 1930களில் உருப்பெற்றதே. சங்யாங் என்ற பழைய ஆவேசச் சடங்கில் ஆண்கள் எழுப்பும் கோரஸ் ஒலியை எடுத்து, ராமாயணக் கதையோடு இணைத்து, வாயான் லிம்பாக் என்ற நடனக் கலைஞரும் ஸ்பீஸும் பார்வையாளர்களுக்காக அதை அமைத்தார்கள். இதனால் கெச்சாக்கின் அழகு குறைந்துபோவதில்லை. தீவுக்காரர்களும் வந்தவர்களும் சந்தித்த இடத்தில் பிறந்தவைதாம் உபுத்தின் அமைதியும் கூட்டாவின் கொண்டாட்டமும். ஒன்றைத் தூய்மை என்றும் மற்றதை மாசு என்றும் பிரிக்க ஆதாரம் இல்லை.

இதில் நூசா துவாவின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1971இல் ஒரு பிரெஞ்சு ஆலோசனை நிறுவனம் பாலிக்குச் சுற்றுலாத் திட்டம் வகுத்தது. உலக வங்கி அதற்குத் துணை நின்றது. பெரிய ஹோட்டல்களைத் தெற்கு முனையில் ஒரு வேலிக்குள் குவித்துவிட்டால், பயணிகளால் ஊர்களின் பண்பாடு கெடாது என்பது எண்ணம். நூசா துவா அப்படித்தான் எழுந்தது: வெட்டிச் சீராக்கிய புல்வெளி, வாயிற்காவல், சத்தமில்லாத கடற்கரை. கூட்டாவை யாரும் திட்டமிடவில்லை. அலைச்சறுக்கு விளையாட வந்த இளைஞர்களுக்கு மீனவர், விவசாயிக் குடும்பங்கள் தங்கள் வளவிலேயே இரண்டு மூன்று அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டன. முற்றத்திலேயே வாருங் எனப்படும் சிறு உணவுக்கடைகள் முளைத்தன. தொடக்க காலத்தில் அந்த வருமானம் உள்ளூர்க் குடும்பங்களின் கைக்கு நேராகப் போனது. அமைதிக்கென்று வரைந்த நூசா துவாவின் ஹோட்டல்களோ வெளிமுதலீட்டில் எழுந்தவை. இரைச்சலான தெருவெல்லாம் ஊருக்குக் கேடு, அமைதியான விடுதியெல்லாம் ஊருக்கு நன்மை என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த இரண்டு கடற்கரைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

கூட்டாவைப் பற்றிப் பேசும்போது 2002 அக்டோபர் 12ஐக் கடந்து போக முடியாது. அந்த இரவில் லெகியான் தெருவின் இரண்டு கேளிக்கை விடுதிகளில் வெடித்த குண்டுகள் 202 பேரைக் கொன்றன. அவர்களில் 88 பேர் ஆஸ்திரேலியர்கள், 38 பேர் இந்தோனேசியர்கள். விடுமுறைக்கு நண்பர்களோடு வந்த இளைஞர்களே அங்கே அதிகம். மறு மாதமே பாலியின் பூசாரிகள் அந்தத் தெருவுக்கு வந்து பெரும் சுத்திகரிப்புச் சடங்கு செய்தார்கள். மதுக்கூடங்கள் நிறைந்த ஒரு தெருவைத் தங்கள் புனித நிலத்தின் பகுதியாகவே தீவு மக்கள் கருதினார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை. இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்த நினைவுச்சின்னம் இன்றும் அந்தத் தெருவில் இருக்கிறது. அங்கே ஆட்டம் பாட்டத்துக்குப் போகிறவர்கள், இருட்டுவதற்கு முன்பு அதன் எதிரே ஐந்து நிமிடம் நிற்பது நியாயம்.

இனி, ஆரவாரம் ஏன் முதலில் என்ற கேள்வி. பாலி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 8 பாகையில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் சூரியன் காலை ஆறு மணியை ஒட்டி உதித்து மாலை ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் மறைந்துவிடும், அந்தி நீடிப்பதில்லை. நண்பகல் வெயிலில் வெளியே சுற்றுவது வீண். எனவே நாளின் இரண்டு முனைகள்தாம் பயணியின் கைக்கு எஞ்சுகின்றன: விடியல் அல்லது இரவு. இரண்டையும் ஒரே நாளில் பிடிக்க நினைப்பவர் இரண்டையும் கெடுத்துக்கொள்வார். இங்கே இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவருக்குக் கடிகாரம் ஒரு சலுகை தருகிறது. பாலி நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கிறது. அங்கே நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கும்போது நம் உடலுக்கு இரவு ஒன்பதரைதான். அங்கே சூரியன் எழும்போது நம் உடலுக்கு விடிகாலை மூன்றரை. முதல் சில நாட்கள் விழித்திருப்பது எளிது, விடியலில் எழுவது கொடுமை. உடல் தீவின் நேரத்துக்குப் பழகிய பிறகு வைகறை தானாகக் கைக்கு வருகிறது. சிங்கப்பூர், மலேசியத் தமிழருக்கு இந்தக் காரணம் பொருந்தாது, அவர்கள் கடிகாரமும் பாலியின் கடிகாரமும் ஒன்று. நிலவியல் காரணம் எல்லோருக்கும் பொருந்தும்: விமான நிலையம் தெற்கே கூட்டாவை ஒட்டியே இருக்கிறது. இறங்கிய அன்றே வளைந்த மலைச்சாலைகளில் சில மணி நேரம் வண்டியில் குலுங்குவதைவிட, பக்கத்து ஜிம்பாரன் கடற்கரையில் மணலில் மேசை போட்டுத் தேங்காய் மட்டைத் தணலில் சுட்ட மீனைச் சாப்பிட்டுப் பயணத்தைத் தொடங்குவது உடம்புக்கும் நல்லது.

ஆனால் வலுவான சான்று தீவின் புத்தாண்டில் இருக்கிறது. சக ஆண்டின் பிறப்பை பாலி இந்துக்கள் நியெபி என்று கடைப்பிடிக்கிறார்கள். மார்ச்சை ஒட்டி, பல ஆண்டுகளில் நம் அண்டை மாநிலங்களின் யுகாதிக்குப் பக்கத்திலேயே அது வரும். அதற்குச் சில நாள் முன்பு கோயிலின் புனிதப் பொருட்களை ஊர்வலமாகக் கடலுக்கு எடுத்துச் சென்று தூய்மை செய்வார்கள். முந்தைய நாள் மாலை, ஊர்தோறும் இளைஞர்கள் வாரக்கணக்கில் உழைத்துச் செய்த ஓகோ-ஓகோ என்ற ராட்சத உருவங்கள் மூங்கில் சட்டத்தில் ஏறித் தோள்களில் ஆடி வருகின்றன. சட்டி பானையைத் தட்டுகிறார்கள், வெடி போடுகிறார்கள், கமெலான் அணிகள் நடந்தபடியே முழங்குகின்றன. தீய சக்திகளை எழுப்பி விரட்டுவதற்கான பேரிரைச்சல் அது. மறுநாள் காலை ஆறு மணி முதல் அடுத்த காலை ஆறு மணி வரை தீவு மூச்சடக்குகிறது. நெருப்பு இல்லை, வேலை இல்லை, பயணம் இல்லை, கேளிக்கை இல்லை. விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். பெசாலாங் எனப்படும் ஊர்க்காவலரைத் தவிரத் தெருவில் யாரும் நடமாட முடியாது, வெளிநாட்டவரும் விடுதிக்குள்தான். பன்னாட்டு விமான நிலையமே மூடிக்கிடக்கிறது. 2018 முதல் கைப்பேசி இணையத்தையும் நிறுத்துகிறார்கள். பல லட்சம் மக்கள் வாழும் ஒரு தீவு இப்படி ஒரு நாளை மௌனத்துக்கு ஒதுக்குவதை நான் உலகின் பேரருமைகளில் ஒன்றாகவே மதிக்கிறேன். இதில் வரிசைதான் முக்கியம். மௌனத்தைத் தேடி முதலில் ஓடவில்லை அவர்கள். மனத்திலும் ஊரிலும் உள்ள கூச்சலை முழுதாக வெளியே கொட்டிவிட்டு அதன்பின் அடங்குகிறார்கள்.

வயலிலும் இதே முறை. பாலியின் நீர்ப்பாசனத்தைச் சுபாக் என்ற உழவர் கூட்டமைப்புகள் நூற்றாண்டுகளாக நடத்துகின்றன. 2012இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒரு நீர்வழியைச் சேர்ந்த சுபாக்குகள் நீர்க்கோயிலில் கூடிப் பேசி, ஒரே காலத்தில் நடவு, ஒரே காலத்தில் அறுப்பு, பிறகு எல்லா வயலுக்கும் ஒரே காலத்தில் ஓய்வு என்று முடிவு செய்வார்கள். 1970களில் பசுமைப் புரட்சி அதிகாரிகள் இந்த ஓய்வை வீண் என்று கருதி, இடைவிடாமல் நெல் போடச் சொன்னார்கள். பூச்சியும் நோயும் பெருகி விளைச்சலை அழித்தன. எல்லா வயலும் ஒன்றாக ஓய்ந்தால்தான் பூச்சிகளுக்கு இடமும் உணவும் இல்லாமல் போகும் என்பதை மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் தன் ஆய்வுகளில் விளக்கினார். விளைச்சலுக்குப் பின் வரும் ஓய்வும் விளைச்சலின் பகுதி. விடுமுறைக்கும் இதையே சொல்லலாம் என்று நினைக்கிறேன்: கொண்டாடாதவனுக்கு ஓய்வு வெறும் நேரப்போக்காகிறது, ஓயாதவனுக்குக் கொண்டாட்டம் களைப்பில் முடிகிறது.

ஆகவே முதல் பாதியைத் தெற்கே தயக்கமின்றிக் கொண்டாடலாம். மாலையில் உலுவாத்துப் பாறை முனையில், கடல் கீழே அறைந்துகொண்டிருக்க, கெச்சாக் பார்க்கலாம். இரவில் செமின்யாக்கின் கடற்கரைக் கேளிக்கை விடுதிகளுக்கோ லெகியானின் நெரிசலுக்கோ போகலாம். மது வேண்டாதவர்களுக்கும் இரவு உண்டு. கியான்யார் நகரின் இரவுச் சந்தையில் வாழையிலையிலும் காகிதத்திலும் மடித்துத் தரும் சோறும், தேங்காய் சேர்த்த கீரைக் கலவையும், டெம்பேயும், சின்ன வெங்காயம், எலுமிச்சைப்புல், மிளகாயைப் பச்சையாக அரிந்து சூடான எண்ணெயில் பிசறிய சம்பல் மதாவும் கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் பன்றி இறைச்சி, இறால் விழுது இரண்டும் இல்லாமல் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. இரண்டாம் பாதியில் கிழக்கே திரும்ப வேண்டும். உபுத்தை ஒரேயடியாகப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. ஆனால் அதன் நடுத்தெருவில் இப்போது போக்குவரத்து கூட்டாவைப் போலவே அடைத்துக் கிடக்கிறது. ஓய்வுக்குச் சிதமென் பள்ளத்தாக்கு மேல். 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த அகுங் எரிமலையின் அடிவாரத்தில் படிப்படியாக இறங்கும் வயல்கள், ஓடை, தறிச் சத்தம். அங்கிருந்து அமெத் கடற்கரை: எரிமலைக் கறுப்பு மணல், இருபுறமும் மிதவைக் கட்டை கட்டிய மீன்பிடிப் படகுகள். பக்கத்துத் துலாம்பெனில், 1942இல் ஜப்பானிய நீர்மூழ்கியால் தாக்குண்டு கரைசேர்க்கப்பட்ட லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் இருக்கிறது. 1963இல் அகுங் வெடித்தபோது அது கரையிலிருந்து கடலுக்குள் சரிந்தது. இன்று கரையிலிருந்து சிறிது தூரம் நீந்தினாலே, பவளம் படர்ந்த அதன் உடலும் சுற்றித் திரியும் மீன்களும் தெரியும். மூழ்கிப் பார்க்க விரும்புகிறவர் முந்தைய இரவு குடித்திருக்கக் கூடாது. மூழ்கிய பின் ஒரு நாளாவது விமானம் ஏறாமல் இருப்பது பாதுகாப்பு. இந்த இரண்டு விதியும் சேர்ந்தே நான் சொல்லும் வரிசையைக் கட்டாயமாக்குகின்றன. எஞ்சிய அந்த ஒரு நாளுக்குச் சானூர் இருக்கிறது. பவளத்திட்டு அலையைத் தடுப்பதால் அங்கே கடல் குளம்போல் கிடக்கும், சூரியன் கடலிலிருந்து எழும், விமான நிலையமும் தூரமில்லை.

இந்தப் பயணத்துக்குக் குடும்பத்தையோ பெருங்கூட்டத்தையோ அன்றி ஒரே ஒரு நண்பரை நான் ஏன் பரிந்துரைக்கிறேன்? நம்மிடம் பயணம் என்றால் குடும்பத்தோடு கோயில், அல்லது அலுவலகக் கூட்டத்தோடு பேருந்து. கூட்டம் பெருகினால் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் நிரலே மிஞ்சும். அது காட்சியிடப் பட்டியலாகச் சுருங்கும். தனியே போகிறவர் அமைதியை நன்றாக அனுபவிப்பார். இரவுத் தெருவில் அவருக்குத் துணையும் இல்லை, காவலும் இல்லை. இருவர் என்றால் ஒருவர் மற்றவருக்காகத் தன் ரசனையை விட்டுக்கொடுக்க முடிகிறது, அந்த விட்டுக்கொடுத்தலும் சில நாளில் முடிந்துவிடுகிறது. அமைதியை விரும்புகிறவர் இரண்டு இரவு நண்பருக்காக விழித்திருந்தால், கூச்சலுக்குள்ளும் மனிதர்கள் மகிழ்வதை அருகில் பார்ப்பார். கேளிக்கை விரும்புகிறவர் சிதமெனில் இரண்டு நாள் பேச்சில்லாமல் உட்கார்ந்தால், தன்னை மகிழ்விக்க யாரும் தேவையில்லாத நிலையை அறிவார். நெடுநாள் நட்பில்தான் பேசாமல் அருகில் இருப்பது சங்கடமாக இராது. தோழிகள் இருவர் போகலாமா என்று வீடுகளில் கேட்பார்கள். பெண்கள் இருவராகவும் தனியாகவும் பெருமளவில் வந்துபோகும் தீவு அது. ஆனாலும் எச்சரிக்கை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. மெத்தனால் கலந்த நாட்டுச் சாராயம் அங்கே உயிர்களைப் பறித்திருக்கிறது, எனவே மூடி திறக்காத புட்டியைத் தவிர எதையும் நம்ப வேண்டாம். இரு சக்கர வாகனத்துக்கான பன்னாட்டு உரிமம் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால் காப்பீடு கைவிடும். கூட்டாக் கடலில் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது; அங்கே நீரோட்டம் ஆளை இழுத்துப் போகும்.

வரிசையைத் திருப்பி, ஓய்வை முதலிலும் கொண்டாட்டத்தைக் கடைசியிலும் வைத்தால் உற்சாகத்தோடு முடியுமே என்று கேட்கலாம். தூக்கம் கெட்ட உடலோடும் வெறுமையான பணப்பையோடும் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புவதை உற்சாகமான முடிவு என்று நான் எண்ணவில்லை. இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு: பயணிகளின் பெருக்கமே தீவைச் சிதைக்கிறது. இதை மறுக்க முடியாது. சாங்குவில் அண்மைக் காலம் வரை நெல் விளைந்த நிலங்களில் இன்று விடுதிகள் நிற்கின்றன. மதுக்கூடங்களின் இரைச்சலை எதிர்த்து 2022இல் குடியிருப்பவர்கள் பொதுமனு போட்டார்கள். நிலத்தடி நீர் குறைகிறது, கடற்கரைகளில் குப்பை ஒதுங்குகிறது. ஆனால் பழியைக் கேளிக்கைத் தெருவின் மேல் மட்டும் போடுவது பிழை. அந்தத் தெருக்களில் ஆயிரம் பேர் நெருக்கமாகச் சில ஏக்கரில் அடங்கிவிடுகிறார்கள். அமைதியை விரும்பி, வயலுக்கு நடுவே தனி நீச்சல் குளத்தோடு தனி வில்லா கேட்பவரே ஆளுக்கு அதிக நிலத்தையும் நீரையும் எடுத்துக்கொள்கிறார். ஆகவே அமைதிப் பயணிக்குத் தானாகவே உயர்ந்த தகுதி வந்துவிடாது. சிதமெனிலும் அமெத்திலும் உள்ளூர்க் குடும்பம் நடத்தும் எளிய விடுதியில் இருவர் ஓர் அறையைப் பகிர்ந்து, வாருங்கில் சாப்பிட்டு, இரவுக் கொண்டாட்டத்தை ஏற்கெனவே நெரிந்த பகுதிகளிலேயே வைத்துக்கொள்வதுதான் குறைந்த சேதம் விளைவிக்கும் வழி. 2024 பிப்ரவரி முதல் வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருவரிடமும் பாலி அரசு 1,50,000 ரூபியா வரி கேட்கிறது; தீவின் பண்பாட்டையும் சூழலையும் காப்பதற்கென்று வாங்கும் தொகை அது. கட்டாமல் நழுவ வழி தேடுகிறவர்களை நான் மதிக்க மாட்டேன்.

சமீப ஆண்டுகளில் ஆஸ்திரேலியர்களுக்கு அடுத்தபடி பாலிக்கு அதிகம் வரும் வெளிநாட்டவர் இந்தியர்கள். நம் நடத்தையை அந்தத் தீவு இனி உற்றுப் பார்க்கும். மழை குறைந்த ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களே பொதுவாகப் போக ஏற்றவை. ஆனால் முடிந்தவர்கள் நியெபியைக் கணக்கிட்டுப் போங்கள்: ஓகோ-ஓகோ ஊர்வல மாலை வரை தெற்கே இருந்து, அந்த மௌன நாளை நண்பரோடு ஒரு விடுதிக்குள் கழிக்கும்படி திட்டமிடுங்கள். சீட்டு எடுக்கும் முன் அந்த ஆண்டின் நியெபி தேதியைப் பார்த்துவிடுங்கள். அன்று பாலியில் எந்தப் பயணிகள் விமானமும் இறங்காது, எழும்பாது.